இருபத்தைந்தாவது போத்தல்

பட்டியலில் இருபத்துநாலு கிணறுகள்.
போத்தல்களும் இருபத்துநாலு,
உடைந்தால் என்று மேலதிகமாக ஒன்று.
ஐஸ் பெட்டியை நடுவில் வைத்து
கம்பஸ் வானில் நாலு பேர்:
மொனராகலை நெத்மி,
தலவாக்கலை புஷ்பகாந்தன்,
புத்தளத்திலிருந்து ஷிஃப்னா,
பிறகு நான், இணுவில்.
இடம் தெரிந்தவள் என்று
வரைபடத்தை என்னிடம் தந்திருந்தார்கள்.

வெங்காயத் தறை நடுவே முதற்கிணறு.
இறைப்பு மெஷினை நிறுத்திவிட்டு ஒருவர் கேட்டார்:
"பிள்ளையள் எந்த இடம்?"
மூவரும் ஊர்ப்பெயர் சொன்னார்கள்.
அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது
எனக்கு மட்டும் தெரியும்.
இணுவிலில் எங்கை, எந்தக் கோயிலடி, அப்பா ஆர்
என்று அவர் வாளியை இறக்க இறக்க
நானும் நிரப்பிக் கொடுத்தேன்.
முகம் தெளிந்தது அவருக்கு.
இளநீர் வந்தது, நாலு பேருக்கும்.
என் பதிலுக்கு வந்த இளநீர்.
குடித்தேன்.

இரண்டாம் நாள் பட்டணம்.
சோனகதெருவில் கூரையில்லாத ஒரு வீடு,
கிணற்றுக் கட்டில் ஆலங்கன்று.
'உரிமையாளர்' என்ற கட்டத்தில்
ஷிஃப்னாவின் பேனை நின்றது.
"வாப்பாட வீடு இதில்ல, அடுத்த ஒழுங்கை"
என்றாள், யாரும் கேட்காமலே.
'தெரியாது' என்று எழுதியிருக்கலாம்.
'வெளியூரில்' என்று எழுதினாள்.

மூன்றாம் நாள்
தண்டவாளத்தோடு பட்டியல் முடிந்தது.
"அங்கிட்டும் வீடுங்க இருக்குல்ல,
ஏன் லிஸ்ட்ல இல்ல?"
நான் ஒரு போத்தல் மூடியை இறுக்கினேன்,
ஏற்கெனவே இறுக்கியிருந்ததை.
"அது... பிறகு பார்ப்பம்."

லயத்தில் வளர்ந்தவனுக்கு
இன்னொரு தரம் கேட்கத் தேவையிருக்கவில்லை.
மேலதிகப் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தான்.
பின்னால் நெத்மி, ஷிஃப்னா.
எத்தனையோ தரம் ரயிலில்
அந்த இடத்தை நெடுக்காகக் கடந்திருக்கிறேன்.
குறுக்காக அன்றைக்குத்தான்.

பொதுக்கிணறு.
ராசமலர் அக்கா வாளியை நீட்டினார்,
நீட்டிவிட்டுக் கயிற்றை விடவில்லை.
"முந்தியும் ஆரோ வந்தவை.
தண்ணி கொண்டுபோனவை.
தண்ணி என்ன சொன்னது எண்டு
ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

ஆய்வுகூடத்தில்
இருபத்தைந்தும் ஒரே மேசையில் நின்றன.
சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே
எந்த இடம் என்று கேட்க ஆளில்லை.
வெங்காயத்துக்கு இட்ட யூரியா
தண்டவாளத்துக்கு அடியால் போயிருந்தது.
நைத்திரேற்று ஐம்பதைத் தாண்டக்கூடாது.
இருபத்தைந்தாவதில் எண்பத்தொன்று.

அறிக்கை ஆங்கிலத்தில், முப்பது பக்கம்.
எழுபத்தாறு புள்ளி போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் புள்ளி இல்லை.
சைக்கிள்களில் போனோம்.
தான்தான் வாசிப்பேன் என்று நின்றாள் நெத்மி.
முதல்நாள் இரவு விடுதியில்
சிங்கள எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தாள்.
"கொதிக்க வைச்சாலும் போகாது.
குலந்தைக்கு இதிலை பால் கரைக்க வேண்டாம்."
வழுக்கிய 'ழ'வுக்கு யாரும் சிரிக்கவில்லை.
கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி
கிட்ட வந்து, "திருப்பி ஒருக்கா சொல்லுங்கோ" என்றாள்.
திருப்பிச் சொன்னாள்.

"அப்ப எங்கை அள்ளுறது?"
என்று கேட்டார் ராசமலர் அக்கா.

முப்பது பக்கத்தில் எங்கும்
அதற்குப் பதில் இருக்கவில்லை.
பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றேன்.
அதுவும் அவருக்குப் புதிதில்லை;
மூன்று எழுதியிருக்கிறார், நகல் வைத்திருக்கிறார்.
இம்முறை எண்பத்தொன்றைச் சேர்த்து எழுதினோம்,
ஐஸ் பெட்டி மூடியின் மேல் தாளை வைத்து.
புஷ்பகாந்தன் வீடுவீடாகப் போய்
தலை எண்ணி வந்தான்.
ஷிஃப்னாவின் எழுத்துத்தான் வடிவு.

முதலில் அக்கா ஒப்பமிட்டார்.
பேனையை என் பக்கம் நீட்டும்போது கேட்டார்:
"நீர் எந்த இடம்?"

"பக்கத்திலைதான், அக்கா."

"பக்கமோ?" என்றார்.